எட்டுப் பேர், நான்கு ஐஸ் பெட்டி: பழவேற்காட்டில் எழும்பிய பூந்தமல்லிப் படகு

மக்களே, பூந்தமல்லி லாரி பட்டறையில் செய்த எங்கள் படகு எட்டுப் பேரையும் நான்கு ஐஸ் பெட்டிகளையும் சுமந்துகொண்டு பழவேற்காடு ஏரித் தண்ணீர் மேல் எழும்பி ஓடிவிட்டது, ஓடியேவிட்டது!

சரி, மூச்சு விட்டுக்கொள்கிறேன். முருகேசன் மாமா என் அக்கா கணவர். பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். போன வருஷம் ஃபைபர் படகு செய்யும் ஆசை வந்து, பதினெட்டு அடியில் ஒன்று செய்து, பின்னால் நாற்பது குதிரைசக்தி என்ஜினை மாட்டினார். பழவேற்காட்டில் மீன்காரப் பெண்களைத் தீவிலிருந்து ஏலக் கரைக்கு ஏற்றிவரும் தேசப்பன் அண்ணன்தான் வாங்குவதாகச் சொன்னவர். ஆனால் ஆள் ஏற்றினால் படகு தண்ணீரை உழுதுகொண்டே போனது, வேகம் பிடித்து மேலே எழும்பவே இல்லை. "ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிக் காட்டு. இல்லன்னா தூக்கிகினு போ" என்று சொல்லியனுப்பிவிட்டார். படகு திரும்பி வந்தால் அதை வார்த்த அச்சையே உடைத்துவிடுவேன் என்று மாமா அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம் அழுதாள். நான் ஆவடி பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

படகுப் பைத்தியங்கள் கூடும் மின்னஞ்சல் குழு ஒன்றில் ஒரு வாரம் கேள்வி கேட்டே கொன்றேன். எண்ணூரிலிருந்து ஒருவர் பதில் போட்டதோடு, தன்னிடமிருந்த பிட்ச் குறைந்த விசிறியையும் கடன் கொடுத்தார். விசிறி என்றால் ப்ரொப்பல்லர்தான். பிட்ச் குறைந்தால் ஒரு சுற்றுக்குப் படகு குறைவாக நகரும், என்ஜின் திணறாது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மாமாவின் நண்பர் யூசுப் அண்ணனின் மினி லாரியில் படகை ஏற்றிக் கிளம்பினோம். ஆவடி, செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு, அறுபது கிலோமீட்டருக்கு மேல். மிதவைக்கு லாரி டியூப்கள் எட்டு. பொன்னேரியில் இட்லி. மாமா சாப்பிடவில்லை.

மாமா, தேசப்பன் அண்ணன், ஏலத்துக்குப் போகக் காத்திருந்த நான்கு மீன்காரப் பெண்கள் ஏறினார்கள். முதல் ஓட்டம் கேவலம். மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது, என்ஜின் கத்தியது. கரையிலிருந்து யூசுப் அண்ணன் கூவினார்: "இன்னா மாமே, ஏரோப்ளேனா வுடப்போறே?"

கிட்டே வந்ததும் பார்த்தேன். பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாமே பின்னால்! லாரிக்காரர் புத்தி.

"மாமா, வெயிட்ட முன்னால தள்ளணும்."

"லோடு பின் ஆக்சில் மேல நிக்கணும்மா. இருபது வருஷமா பாடி கட்டினு கீறேன், எனக்கே சொல்றியா?"

"தண்ணியில ஆக்சில் எங்க மாமா கீது?"

தேசப்பன் அண்ணன் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. ஆனால் டேங்கை அவிழ்த்தார்.

டேங்கும் பேட்டரியும் நடுவுக்கு, இரண்டு ஐஸ் பெட்டிகள் முன்னால். என்ஜினின் சாய்வைப் பிடிக்கும் கம்பி முளையைப் படகுப் பக்கமாக ஒரு துளை உள்ளே மாற்றினோம். அப்போதுதான் என்ஜின் பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை இறக்கும். விசிறியையும் மாற்றினோம்; அதை மட்டும் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "லோடு வண்டிய மேட்டுல ஃபஸ்ட் கியர்ல ஏத்தறா மாரி" என்று மாமாவே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டத்தில் நானும் ஏறினேன். படகு எழும்பப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். முன்னால் தண்ணீர் தெறித்ததும் அத்தனை பெண்களும் கூடையோடு பின்னால் நகர்ந்துவிட்டார்கள். மரப்படகில் அவர்கள் வழக்கம் அதுதான்: நனையாமல் இருக்கப் பின்னால் போ. படகு மறுபடி உட்கார்ந்தது. நான் கம்ப்யூட்டரில் கற்றுவந்த கதையைக் கேட்டிருந்த கூடைக்கார அக்கா ஒருவர் என்னைப் பார்த்து, "உன் கம்ப்யூட்டர் நனையாதுடி, என் பொடவதான் நனையும்" என்றார். நியாயம்தானே!

மாமா கரைக்குத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். தேசப்பன் அண்ணன் மணியைப் பார்த்தார். ஏலம் ஒன்பதுக்கு. "கடைசியா ஒரு தபா" என்றார்.

அப்போது யூசுப் அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து படகில் ஏறினார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். "உள்ள போ, உள்ள போ, முன்னாடி எடம் காலியா கீது! ஏ கூடக்காரம்மா, முன்னாடி போம்மா!" அப்படியே பூந்தமல்லி டவுன் பஸ் கண்டக்டர்! பெண்கள் சிரித்துக்கொண்டே முன்னால் நெருக்கினார்கள். நான் தார்ப்பாயை விரித்து அவர்கள் மடியில் போட்டேன். மாமா ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

மூக்கு ஏறியது, தயங்கியது, அப்புறம் இறங்கியது. சத்தம் மாறியது! பின்னால் எங்களைத் துரத்திய அலை தூரமாகப் போய்விட்டது. எழும்பிய பிறகு முன்பக்கம் டமால் டமால் என்று அடித்தது. இரண்டு பேரை நடுவுக்கு வரச் சொன்னோம், அடி குறைந்தது. அவ்வளவுதான் ரகசியம்: எழும்பும்வரை முன்னால், எழும்பியதும் கொஞ்சம் பின்னால்.

ஒன்பதுக்கு முன்பே ஏலக் கரை. மாமா கயிற்றை எடுத்துக்கொண்டு தேசப்பன் அண்ணன் முகத்தையே பார்த்தபடி நின்றார். அவர் கயிற்றை வாங்கித் தன் கட்டுக்கம்பத்தில் மாட்டினார். "லாரிய காலியா ஓட்டினு போங்க நைனா."

திரும்பும்போது பொன்னேரியில் மாமா ஆறு இட்லி சாப்பிட்டார்.

நீங்களும் செய்வதாக இருந்தால்: எங்களைப் போல எல்லாவற்றையும் சேர்த்து மாற்றாதீர்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாது. காலையிலேயே ஓட்டுங்கள், பிறகு காற்று ஏறிவிடும். ஆளுக்கொரு டியூப் கட்டாயம். நெமிலிச்சேரி, வேப்பம்பட்டு பக்கத்து ஆட்கள் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது.

கடன் வாங்கிய விசிறி இன்னும் தேசப்பன் அண்ணன் படகில்தான் சுற்றுகிறது. எண்ணூர்க்காரருக்குத் திருப்பித் தர வேண்டும். நாற்பது குதிரைசக்திக்குப் பொருந்தும் பிட்ச் குறைந்த விசிறி யாரிடம் சும்மா கிடக்கிறது? எழுதுங்கள், இதைப் படகு வைத்திருக்கிற நாலு பேருக்கு அனுப்புங்கள், வர முடிந்தவர்கள் வரும் ஞாயிறு பழவேற்காடு கரைக்கே வந்துவிடுங்கள். முன்னால் உட்காரத் தயாராக வாருங்கள்!