துரைக்குக் கொடுத்த காப்பி

அரபு நாட்டுச் சோஹாரில் என் தோட்டத்து எலுமிச்சை மார்க்கெட்டில் இறங்கும்போது, மற்றவர்கள் கூடையை நகர்த்தி இடம் விடுவார்கள். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கையில் ஒரு ஸ்பானரோடு வந்து இறங்கி, உப்புக்காற்று அடிக்கிற மண்ணில் ஒரு தோட்டத்தையே எழுப்பியிருக்கிறேன். காகிதத்தில் அது எனக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, என் கஃபீல் பெயரில் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டம் அப்படி, அது வேறு விஷயம். மரம் என் கை வைத்தது.

கஃபீல் ஆப்பிரிக்காவை ஒட்டிய ஜான்சிபார் தீவில் பிறந்தவர். அவருடைய தகப்பனாருக்கு அங்கே கிராம்புத் தோட்டம் இருந்தது. என்னோடு வந்து இறங்கியவர்கள் அரபி தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றபோது, நான் கென்யாவில் வளர்ந்தபோது கற்ற சுவாஹிலியில் அவரிடம் நலம் விசாரித்தேன். மனிதர் அசந்துவிட்டார். அன்றே எனக்கு வேலை. இப்போது தோட்டத்தில் நின்றால் புதுத் துறைமுகத்து கிரேன்கள் தெரிகின்றன, பையன்கள் ஆளுக்கொரு செல்போன் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு கிழவர்களும் மட்டும் சாயங்காலத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றிக்கொண்டு, ஆப்பிரிக்கா பேசுவோம்.

காப்பி என்றாலே எனக்கு கென்யா மலைதான். அப்பா அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில் பம்ப் மெக்கானிக். கண்ணுக்கு எட்டின தூரம் காப்பிச் செடி. காலையில் பனி விலகும்போது அந்தச் சிவப்புப் பழங்கள் மினுங்குவதை இன்னும் கண்ணை மூடினால் பார்ப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் நல்ல காப்பிக்கு வழியில்லை. கொட்டையெல்லாம் கப்பலேறிவிடும். கடையில் டப்பாவில் வரும் தூளைக் குடித்துவிட்டு, தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த அம்மா முகத்தைச் சுளிப்பாள். "மரத்தூளக் கரைச்சுக் குடிக்கதுக்கா கடல் தாண்டி வந்தோம்?"

அந்த மலையில் நிலம் வெள்ளைக்காரருக்கு மட்டும். அப்பா போன்ற இந்தியர் ஒரு முழம்கூட வாங்க முடியாது. அந்த மண்ணிலேயே பிறந்தவர்களோ, துரைக்கு உழைத்தால் தோட்டத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு சோளமும் அவரையும் பயிரிடலாம். காப்பி மட்டும் வைக்கக்கூடாது. அவர்கள் வைத்தால் செடிக்கு நோய் வரும் என்று காரணம் சொன்னார்கள். அவர்களும் காப்பி விற்றால் கூலிக்கு ஆள் கிடைக்காது என்ற காரணத்தை யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், காப்பி துரையுடையது, சோளம் மவாங்கி மாமாவுடையது என்பதுதான்.

மவாங்கி மாமா அந்த மண்ணில் பிறந்தவர், துரையின் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அவர் குடிசை. அவர் மகனும் நானும் ஒன்றாகவே திரிந்தோம். மாமா யாருக்கும் தெரியாமல் தன் வாழைக்கூட்டத்துக்குள் கொஞ்சம் காப்பிச் செடி வைத்திருந்தார். அது காய்த்துப் பெருகினால், கரையோரத்து வியாபாரி ஒருவனுக்கு ரகசியமாக விற்று மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது அவர் கனவு. முதல் காய்ப்பில் ஒரு கூடைப் பழத்தை, மேலே அவரைக்காயைப் பரப்பி, அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை உரித்து, அறைக்குள்ளேயே உலர்த்தி, வறுத்து இடித்தாள். அந்த வாசனை வந்த பிறகுதான் எங்கள் வீடு வீடாயிற்று.

ஆயுசெல்லாம் காப்பிச் செடியோடு கிடந்த மாமா, முதல் காப்பியை எங்கள் அடுக்களை வாசலில் உட்கார்ந்துதான் குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கசப்புக்கா என் முதுகு வளஞ்சுச்சு?"

அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் சர்க்கரை போட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து மொம்பாசாப் பட்டணத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். துணிக்கடையில் வேலை, கழுத்தில் டை. ஒருநாள் பம்பைப் பார்க்கத் துரையும், அரசாங்க விவசாய அதிகாரி ஒருவரும் வந்தார்கள். மவாங்கி மாமாதான் கூடவே குடை பிடித்து வந்தார். திடீரென்று மழை வலுத்ததால் துரைமார் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். துரை எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மைனி, துரைமாருக்கு ரெண்டு காப்பி."

"தேயிலை போடுதேன்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"தேயிலையா? வீடு தேடி வந்தவுகளுக்குக் காப்பி கொடுக்காம அனுப்பினா நம்ம ஊர் மானம் என்னாவது?"

அம்மா கதவோரம் வந்து கண்ணால் எவ்வளவோ ஜாடை காட்டினாள். தூள் வந்த வழி தெரியாத சித்தப்பாவுக்கு அதெல்லாம் எட்டவில்லை. அவரே அடுக்களைக்குள் போய் ஆற்றி, நுரை தளும்பக் கொண்டுவந்து நீட்டினார்.

அதிகாரி குடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு நல்ல காப்பியை இந்த நாட்டில் குடித்ததில்லை என்றார். துரையும் ஒரு வாய் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மெக்கானிக், இது கடைத்தூள் இல்லை. என் கொட்டையா?"

தோட்டத்துக் கொட்டையைத் திருடினால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. அப்பா கீழே வைத்த டம்ளரையே பார்த்தார். சித்தப்பா மழையைப் பார்க்க ஆரம்பித்தார்.

மவாங்கி மாமா குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார்.

"உங்களுது இல்ல துரை. என்னோடது. என் கையால நட்டது. நான்தான் குடுத்தேன்."

கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வளைந்த முதுகுக்காரர் அன்று எவ்வளவு நேராக நின்றார். நான் மழையிலேயே ஓடிப்போய் அவர் மகனிடம் சொன்னேன், "உங்க அப்பா காப்பியத் துரைக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுடே."

மறுநாள் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். சீக்கிரமே குடிசையையும் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். லாரி வந்தது. அப்பா மாமா வீட்டுச் சட்டி பானைகளைத் தானே சுமந்துபோய் ஏற்றினார். மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமாதான் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமாவுக்குப் பெரிய தோட்டம் குடுத்திருக்காங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாலே" என்றார் அப்பா.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தேயிலைதான்.

போன வாரம் இதைக் கஃபீலிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிராம்புத் தோட்டத்திலயும் அப்படித்தான். பறிச்சவங்க பேர்ல ஒரு மரம் கிடையாது" என்றார். பிறகு எலுமிச்சை மரங்களின் பக்கம் பார்த்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"கலாஸ், போதும் அந்தப் பேச்சு, ஊத்துங்க" என்றேன் நான்.

என் கை வைத்த மரம் என்று நான் யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்தப் பேச்சைக் கற்றது எங்கள் தாழ்வாரத்தில்தான். மாமா பெருமைக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேச்சுக்கு அடியில் அப்பாவின் வேலையும் எங்கள் சோறும் ஒதுங்கி நின்றது அப்போது எனக்குத் தெரியாது. அன்று லாரியில் மூட்டைகளின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்துபோன அவர் மகனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வளைவு திரும்பும்வரை கையசைத்தேன். அவன் திருப்பி அசைக்கவே இல்லை என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புகார் சொன்னேன்.