நிலத்தோடு வைத்த கண்ணாடிக் கற்கள்

கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: வீட்டில் தீராத ஒரு பிரச்சினையைத்தான் சனம் அளவெடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் சாமானாகக் கேட்கிறது. நான் யாழ்ப்பாண நகரில் நிலத்துக்குப் பதிக்கிற ரைல்ஸ் விற்கும் கடை ஒன்றில் வேலைக்கு நிற்கிறேன். கண்ணாடிக் கற்களும் விற்கிறோம். செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டலாம், வெளிச்சம் விடும். யூரியூப்பில் பார்த்துவிட்டுத் தாங்களே கட்டப்போவதாக வருகிறவர்கள் இப்போது அதிகம்.

அரைக் கல்

நீர்வேலியிலிருந்து வந்த பரமேஸ்வரி அன்ரி, குசினிப் பக்கத்து வாசல் ஒன்றைக் கண்ணாடிக் கல்லால் அடைக்கவேண்டும் என்றார். அளவு கேட்டேன். கைப்பைக்குள்ளிருந்து முடிச்சுப் போட்ட வாழைநார் ஒன்றை எடுத்துத் தந்தார். இழுத்துப் பிடித்தால் ஓர் அகலம், விட்டால் இன்னோர் அகலம். அந்த நாரை நம்பிக் கணக்குப் போட்டதில் கடைசியில் பாதிக் கல்லுக்கு இடம் மிஞ்சியது.

கல்லின் உள்பக்கம் வெற்றிடம், வெட்டினால் நொறுங்கிவிடும் என்று சொன்னேன். முழுக் கல்லாகத்தான் திட்டம் போடவேண்டும், இடையில் சீமெந்துக்கு விடுகிற இடத்தையும் சேர்த்து அளக்கவேண்டும், மிச்சத்துக்கு ஓரத்தில் மரச்சட்டம் வைக்கலாம் என்றும் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பேக்கரியிலை அரை இறாத்தல் பாண் வெட்டித் தாறாங்கள், நீங்கள் அரைக் கல்லுத் தரமாட்டியளோ தம்பி?"

உடைத்த கதவு

அடுத்த முறை அளவு நாடாவால் ஒழுங்காக அளந்து வந்திருந்தார். ஒரு மேசனைப் பிடித்தால் சுலபமாக முடிந்துவிடும் என்றேன். அன்ரி சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

அது குளியலறையின் வாசல்; படுக்கையறைப் பக்கமாக இன்னொன்றும் உண்டு. அவருடைய கணவர் சிவபாதம் ஐயா உள்ளே பூட்டிவிட்டுக் குளிக்கும்போது விழுந்துவிட்டார். எழும்பவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. பைப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, அவர் குளிக்கிறார் என்று நினைத்து, கதவுக்கு இந்தப் பக்கம் அன்ரி சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அயலவர்கள் வந்து குசினிப் பக்கத்துக் கதவை உடைத்தார்கள். உடுப்பில்லாமல் கிடந்த மனிசனை எல்லாரும் பார்த்தார்கள்.

இப்போது அந்த வாசலுக்குப் பலகை அடித்திருக்கிறது. ஐயா படுக்கையறைப் பக்கத்துக் கதவால் போய், முந்தியைவிட இறுக்கிப் பூட்டிக்கொண்டு குளிக்கிறார். பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கல் வைத்தால், சமைக்கும்போது அவருடைய நிழலையாவது பார்த்துக்கொள்ளலாம் என்பது அன்ரியின் எண்ணம். மேசன் வரக்கூடாது என்று ஐயா சொல்லிவிட்டார். "கதவு உடைச்ச அண்டைக்கு வந்து பார்த்த சனம் போதுமாம். அதுதான் நானே கட்டப்போறன்."

புடவைக்கடைப் பொம்மை

ஒருநாள் ஐயாவையும் கூட்டி வந்தார். கடையில் காட்சிக்கென்று பால்நிறக் கண்ணாடிக் கல்லில் கட்டிய சுவர் ஒன்று உண்டு. ஐயா ஊன்றுகோலோடு அதற்குப் பின்னால் போய் நின்றார். முகம் விளங்கவில்லை, ஆனால் ஆள் நிற்பது, கை அசைப்பது, திரும்புவது எல்லாம் தெரிந்தது. அன்ரிக்குத் திருப்தி. தான் என்ன புடவைக்கடைக் கண்ணாடிக்குள்ளே வைத்த பொம்மையோ என்று சுவருக்குப் பின்னாலிருந்து ஐயா கேட்டார். பொம்மை விழுந்தால் கடைக்காரன் தூக்கி நிமிர்த்துவான், உங்களை ஆர் தூக்குவது என்று அன்ரி திருப்பிக் கேட்டார். நான் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஐயா மெல்ல முன்பக்கம் வந்தார். ஊன்றுகோலால் அடியிலிருந்து மூன்று வரிசையைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவும்தான் கண்ணாடி, அதற்கு மேலே இப்போதிருக்கிற பலகையே இருக்கட்டும் என்றார். நிலைமரத்தில் அடித்த பலகை என்பதால் கல்லில் பாரமும் இறங்காது. வருகிற எல்லாரும் யன்னல் மாதிரிக் கண் மட்டத்தில்தான் திட்டம் போடுவார்கள். நிலத்தோடு வைக்கலாம் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை. ஐயா அன்ரியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "விழுந்தவனைத்தானே பார்க்கவேணும். நிக்கிறவனை ஏன் பார்க்கவேணும்?"

மற்றப் பக்கம்

கட்டி முடிந்த பிறகு ஐயா தனியாக வந்தார், ஓரத்து இடைவெளிக்கு வெள்ளைச் சீமெந்து வாங்க. நடு வரிசை கொஞ்சம் சரிவுதான், ஆனாலும் அசையாது என்றார். குளிக்கும்போது குசினியிலிருந்து பார்த்தால் அவருடைய கால்கள் மட்டும் தெரிகின்றனவாம். இப்போது இரண்டு பேருக்கும் நிம்மதியா என்று கேட்டேன். சீமெந்துப் பையைக் கையில் எடுத்தவர் திரும்பவும் கவுண்டரில் வைத்தார்.

"எனக்கும் அந்தப் பக்கம் தெரியுது தம்பி. சமைச்சுக்கொண்டு இடைக்கிடை பார்ப்பாளாக்கும் எண்டு நினைச்சன். நான் குளிச்சு முடியுமட்டும் நிலத்திலை குந்திக்கொண்டு அப்பிடியே இருக்கிறாள். இப்ப நான் கதவு பூட்டுறதில்லை."

இப்போதெல்லாம் கண்ணாடிக் கல் கேட்டு வருகிறவர்களிடம் எந்தப் பக்கத்தில் ஆர் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அளவு கேட்கிறேன். முதலாளியைப் பொறுத்தவரை அது வியாபாரத்துக்கு உதவாத கேள்வி.