அவள் மகனின் வலது முழங்கால்

உதைபந்தாட்டத்தில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் நாலைந்து வருடமாகச் சனிக்கிழமைகளில், காலை ஒன்பது மணிக்கு, ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டியின்மேல் போனைச் சாய்த்து வைத்து ஒரு பிரேசில்காரனின் வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எங்கே போனது, யார் வென்றது என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லாத கதை.

அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரனின் தாய் என்னோடு அதே மரக்கறிக் கடையில் வேலை செய்கிறாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஒரே மகன். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி சந்தைப் பிரெஞ்சு. அதிலே காய்கறிப் பெயர்களும் முதலாளியைத் திட்டும் வார்த்தைகளும்தான் அதிகம். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் ‘ஓம்’, எங்கள் ஊர் ‘ஆமாம்’. அது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

மகன் பதினெட்டு வயதில் போர்த்துக்கலுக்குப் போனான், இரண்டாந்தரக் கழகமொன்றுக்கு. அவர்கள் அவனைப் பெல்ஜியத்துக்கு இரவல் கொடுத்தார்கள். மண்வெட்டியை இரவல் கொடுப்பதுபோல மனிதனையும் கொடுப்பார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு கிரீஸ், பிறகு சைப்பிரஸ், கடைசியாக இத்தாலியில் இரண்டாம் பிரிவு. அங்கே பின்னேரம் நடக்கும் ஆட்டம் எங்களுக்குக் காலை ஒன்பது மணி. எங்கே போனாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. சைப்பிரசில் வலது முழங்கால் கிழிந்து ஒப்பரேசன் நடந்தது. அதே முழங்கால் இன்னொருதரம் போனால் ஆட்டம் முடிந்தது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வயதில் அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. அவளுடைய பயமெல்லாம் அந்த ஒரு முழங்காலில்தான் கிடந்தது.

அவன் பின்களத்தில் நின்று மறிக்கிறவன். கோல் அடிக்கிறவனின் தாய் மகனுடைய பெயர் கேட்கக் காத்திருப்பாள். இவள் மகனின் பெயர் கேட்டுவிடக்கூடாதே என்று காத்திருந்தாள். பின்கள வீரனின் பெயரை வர்ணனையாளர் உரத்துச் சொன்னால் ஒன்றில் பிழை விட்டிருப்பான், அல்லது விழுந்திருப்பான். அவள் அப்படித்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். கேட்ட நாளிலிருந்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

ஆட்டம் தொடங்கியதும் தன்னுடைய போனை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, மரக்கறி வைக்கும் குளிரறைக்குள் போய்விடுவாள். அது அவளுடைய நேர்த்திக்கடன் மாதிரி. உள்ளே கீரைக் கட்டுகளை அடுக்குவாள், அடுக்கியதையே மறுபடி அடுக்குவாள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் உள்ளேயிருந்து கதவில் ஒரு தட்டு. நான் கதவைத் திறப்பேன். “முழங்கால்? ஓம்?” என்பாள். “ஓம்,” என்பேன். கதவு மூடும். வாடிக்கையாளர்கள் எங்களை விசரர் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அன்று மாசி மாதத்துக் குளிர். சந்தையில் கூட்டமில்லை. இரண்டாம் பாதியில் மூலையிலிருந்து பந்து வந்தது. அவன் எழும்பித் தலையால் தட்டினான். கீழே வந்தபோது கால் மடங்கியது. யாரும் அவனைத் தொடவில்லை. முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் புல்லில் அடித்தான், திரும்பத் திரும்ப அடித்தான். வர்ணனையாளர் அவன் பெயரைச் சொன்னார். தூக்குப்படுக்கையைக் கொண்டுவந்தார்கள். போகும்போது அவன் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டான்.

கதவில் தட்டு விழுந்தது.

என்னுடைய கை கதவுக்குப் போவதற்குள் என் வாயில் பொய் தயாராக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்க என்ன இருக்கிறது, வீட்டிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டில் கெட்ட செய்தியை உடனே சொல்லமாட்டார்கள். சாப்பிடட்டும், படுத்து எழும்பட்டும், பயணம் முடியட்டும், பேந்து சொல்லுவம். நான் இங்கே வந்த புதிதில் அகதி விசாரணைக்குக் காத்திருந்தபோது அப்பா செத்துப்போனார். விசாரணை முடியட்டும் என்று அண்ணன் பதினாறு நாள் மறைத்துவிட்டான். “தகப்பன் இருக்கிறாரா?” என்று அதிகாரி கேட்டார். “வீட்டில் சுகமாக இருக்கிறார்,” என்று நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன். அப்போது அவரை எரித்துப் பன்னிரண்டு நாள். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். அதை அனுபவித்த நான்தான் கதவைத் திறந்தேன்.

“முழங்கால்? ஓம்?”

“ஓம்,” என்றேன். “பயிற்சியாளர் ஆளை மாற்றிவிட்டார். களைத்துப்போனானாம்.”

நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தாள். வயது போகிறது, கிழவனாகிவிட்டான் என்றாள். வழக்கமாக ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து அவனைக் கூப்பிடுவாள். லொக்கர் பக்கம் திரும்பியவளை நான்தான் மறித்தேன். அவர்கள் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள், பின்னேரம் எடு, இப்போது இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்றேன். என்னை நம்பினாள். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி தோடம்பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடியட்டும் என்று தள்ளினேன். இரண்டுதரம் மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். அவள் பாடுவதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது, நிறுத்தினால் என்ன நடக்கும் என்றும் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு, மெட்ரோவில் லவாலிலுள்ள வீட்டுக்குப் போவதற்கு முன் அவள் லொக்கரைத் திறந்தாள். ஒன்பது அழைப்புகள். எல்லாம் மகனிடமிருந்து.

அங்கேயே நின்று கூப்பிட்டாள். போர்த்துக்கீசில் பேசினாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. விவரம் பிறகுதான் தெரிந்தது: ஸ்கேன் எடுத்துவிட்டார்களாம். இனி ஆடமுடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டபோது அவன் ஆஸ்பத்திரி அறையில் தனியாக இருந்திருக்கிறான். ஐந்து மணித்தியாலம் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் பதின்மூன்று வருடம் ஓடிய ஓட்டம் முடிந்த நேரத்தில் அவள் என் பக்கத்தில் நின்று தோடம்பழம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீ பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

“நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாயா?”

நான் லொக்கர் கதவை மூடினேன்.

“அந்த ‘ஓம்’ என்கிற சொல்லை இனி என்னிடம் சொல்லாதே,” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு அவள் கடையின் மற்றப் பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். பெட்டி தூக்க வேண்டுமென்றால் முதலாளியின் மருமகனைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். மகன் பிரேசிலுக்குத் திரும்பிவிட்டான் என்று மற்றவர்களுக்குச் சொல்லும்போது கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை ஒன்பது மணியானால் எனக்குக் கை பரபரக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் இல்லாத அந்தக் கழகத்தின் ஆட்டத்தை இரண்டு மூன்றுதரம் போட்டுப் பார்த்தேன். பார்க்க முழங்கால் இல்லை. மூடிவிட்டேன்.

ஆனி மாதம், குளிர் போய்க் கடைகளெல்லாம் வெளியே பரப்பிய பிறகு, ஒரு காலையில் அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தான்.

“அம்மாவுக்குச் சும்மா காய்ச்சல். ஆஸ்பத்திரியிலை ஒரு நாள் வைச்சுப் பாக்கினமாம். நீ ஒண்டுக்கும் யோசியாதை.”

“வேறை ஒண்டும் இல்லையே அண்ணை?”

“இல்லையடா. நீ வேலையைப் பார்.”

சரி என்று வைத்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எதிரே ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “என்ன?”

“ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் காய்ச்சலாம். பயப்பட ஒன்றுமில்லை என்று அண்ணன் சொல்கிறான்.”

“உன் அண்ணனா? நீ வளர்ந்த அதே வீட்டில் வளர்ந்தவனா?”

கையிலிருந்த பெட்டியை அவள் கீழே வைத்தாள். என் கையிலிருந்ததையும் வாங்கி வைத்தாள். இந்த இரைச்சலில் பேசமுடியாது என்று என்னைக் குளிரறைக்குள் தள்ளினாள். “தாயைக் கூப்பிடு. அவனையல்ல. தாயை.”

உள்ளே கீரைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அம்மாவின் போனுக்கு எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கைகால் விறைத்தது. இந்த அறைக்குள் அவள் இத்தனை வருடம் எப்படி நின்றாள் என்று அப்போதுதான் நினைத்தேன். கடைசியில் அம்மாவே எடுத்தா.

“தம்பியே? உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. என்ன நடக்குது?”

“நாளைக்கு விடிய நெஞ்சு ஒப்பரேசனாம். நீ பயந்துபோவாய் எண்டு நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான்.” பிறகு, குரலைத் தாழ்த்தி: “எனக்குத்தான் மேனை பயமாக் கிடக்கு.”

என்னுடைய ஐம்பத்துமூன்று வயதுவரை அம்மா பயமென்று சொல்லி நான் கேட்டதில்லை. ஷெல் விழுந்த நாட்களிலும் கேட்டதில்லை. பயந்திருப்பா. எங்களிடம் சொல்லாமல் விட்டிருப்பா.

வெளியே யாரோ கதவை இழுத்தார்கள், கீரை எடுக்க வந்திருக்கவேண்டும். அந்தப் பக்கம் கதவில் முதுகைச் சாய்த்து நின்ற அவள், பொறு, உள்ளே ஆள் இருக்கிறது என்று பிரெஞ்சில் அதட்டுவது கேட்டது.

“உன்ரை குரல் ஏன் நடுங்குது?” என்று அம்மா கேட்டா. “அங்கை குளிரே?”

ஓம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். குளிர்தான், பொய்யுமில்லை.

“குளிரில்லை அம்மா,” என்றேன். “எனக்கும் பயமாக் கிடக்கு.”