அறுத்த காட்டில் தகரம்

பக்கத்துத் தோட்டத்தில் கிளி விரட்டத் தகரம் தட்டுகிறார்கள். எனக்கு அத்தை நினைப்பு வந்துவிட்டது.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மனசு சரியில்லை, தனியாகப் பேசிச் சிரிக்கும். வீட்டுக்கு ஆள் வந்தால் அதைத் தினைக்காட்டுக் காவல் பரணில் தகரத்தோடு ஏற்றிவிடுவார்கள். "நான் வந்து கூப்பிடற வரைக்கும் தட்டு கண்ணு, குருவி வருது" என்பார் அப்பா.

எங்கள் மலையிலேயே இருக்கிற குண்டனி நாட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் ஏற்றினார்கள். தினை அறுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"ஏனுங்க, அறுத்த காட்டுல எதுக்குங்க தகரம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"குருவிக்குங்க."

"குருவி மண்ணைத் திங்குமுங்களா?"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில் அத்தையைக் கூப்பிட யாரும் போகவில்லை. சாயங்காலம் தூறலில் நான் போனேன். அத்தைக்கு உள்ளங்கை கொப்பளித்திருந்தது. இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

"குருவி போயிருச்சா சாமி?" என்று கேட்டது.

இப்போது வாசலில் என் மகன் சொந்தக்காரர் யாரிடமோ போனில் பேசுகிறான். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிற பேத்திக்கு வயிற்று வலியாம். நாலு மாதமாக எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் இதையே சொல்கிறான்.

"எவன்டா நம்பறான் இதை? போனை இங்க குடு, நானே உள்ளதைச் சொல்றேன்" என்றேன்.