மாலை போட்ட ஒப்பந்தம்

குமாரபாளையம் போகும் சாலையில், வெளிநாட்டுக்குத் துண்டு நெய்து அனுப்பும் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறேன். கழிப்பறைச் சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருக்கும். கேட்டால், இப்பத்தானே போன என்பார். ஆண்பிள்ளையிடம் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கி அடக்கி எனக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. இனியும் அடக்கினால் கிட்னிக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் துண்டு வாங்குகிறவர்கள் சார்பில் ஒரு வெளிநாட்டு அம்மா சோதனைக்கு வருவதாகச் சொன்னார்கள். உடனே சர்வதேச மனித உரிமை ஒப்பந்தம் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. முதலாளிக்குப் பக்தி அதிகம். ஆயுத பூசைக்குத் தறிக்குச் செய்வதுபோலவே அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, சிவப்பு பல்பும் எரியவிட்டார். கழிப்பறையைக் கழுவிப் புது சோப்பு வைத்து, அந்த அம்மா பார்க்கும்வரை சுத்தமாக இருக்கட்டும் என்று காலையிலேயே பூட்டிவிட்டார்கள்.

வந்தவர் மாலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, இறந்தது யார் என்று மெல்லக் கேட்டார். யாருமில்லை, உங்கள் ஒப்பந்தம்தான் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார்கள். நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமாம். சொன்னபடி நடக்கிறோமா என்று அந்தந்த நாடே எழுதி அனுப்புமாம். மேலே ஒரு குழு அதைப் படித்து, குறையிருந்தால் கவலை தெரிவிக்குமாம்.

பக்கத்திலிருந்த அக்கா கேட்டார்: "ஏனுங்க, பரிச்சை எழுதறவனே மார்க்கும் போட்டுக்குவானுங்களா?"

அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அந்த அம்மா மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

"அவிய கவலைப்பட்டு முடிக்கறதுக்குள்ள உனக்குக் கிட்னி போயிரும் சாமி," என்றார் அக்கா என் காதில்.

அடிவயிறு எரிந்துகொண்டிருந்தது. கழிப்பறையைத் திறந்து காட்டினார்கள். அந்த அம்மா சோப்பைப் பாராட்டிவிட்டு வெளியே வந்தார். சூப்பர்வைசர் மறுபடி பூட்டை எடுத்தார். நாலு பேர் பார்க்க உரக்கத் தும்மக்கூடச் செய்யாத நான், அவர் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அவர் கதவைத் தட்டினார்.

"ஆளு இருக்குதுங்க," என்றேன்.

ஊழியர்கள் கழிப்பறையைத் தடையின்றிப் பயன்படுத்துவதை நேரில் கண்டதாக அந்த அம்மா எழுதிக்கொண்டு போனாராம். கம்பெனிக்குச் சான்றிதழ் வந்தது. கழிப்பறைக் கதவுக்குப் பூட்டு மறுநாளே திரும்பி வந்துவிட்டது.

இப்போது நான் மடிப்பு மேசையில் நின்றபடியே, எங்கே எப்படி எரிகிறது என்பதையும் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சாவி கேட்கிறேன். முகம் சிவக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் பாதி சொல்வதற்குள் சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டே சாவியை நீட்டிவிடுகிறார்.