ஒன்பது நிமிஷ சிஸ்டம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு பழைய கம்ப்யூட்டரை வேகமாக்கப் போய் நான் மூக்குடைபட்ட கதையை எவன் உட்கார்ந்து படிப்பான்? அதுவும் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் நான். கடைசியாக நான் இவ்வளவு நீளமாக எழுதியது அங்கே ஒரு பரீட்சையில்; அதிலும் ஃபெயில். ஆனால் நாலு நாளாக என் கைகளுக்குப் போதுமான வேலை இல்லை. சும்மா இருக்க அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் ஆபீஸ். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு சுங்கத் தாள்களைத் தயார்செய்து, அவர்கள் பெட்டியைக் கப்பலில் ஏற்றிவிடுவது தொழில். பெட்டி என்றால் கன்டெய்னர். எனக்கு வெளி வேலை. பைக்கை எடுத்துக்கொண்டு, பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டுக்கும் துறைமுகக் கேட்டுக்குமாக ஓடுவேன். ஆபீஸ் உள்ளறையில் உட்கார்ந்து தாள் அடிப்பவன் என் கூட்டாளி, காயல்பட்டினத்துக்காரன். தினமும் பஸ்ஸில் வந்து போவான். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

கூட்டாளி வீட்டில் ஆம்பளைகள் எல்லாரும் வளைகுடாவில். வாப்பா அங்கே, இரண்டு அண்ணன்மாரும் அங்கே. இவனுக்கும் ஒரு மாமா விசாவை வைத்துக்கொண்டு, எப்போது இங்கே வேலை போகும் என்று காத்திருக்கிறார். இவன் ஒருத்தன்தான் போகமாட்டேன் என்று நிற்கிறான். ஏன் என்று ஒரு நாள் டீக்கடையில் நோண்டினேன்.

"நான் வாப்பாவப் பாத்த நாளெல்லாம் சேத்தா ரெண்டு வருசம் தேறுமால? எனக்குப் பிள்ள பொறந்தா அது என்னய தெனமும் பாத்து அலுத்துப்போவணும்" என்றான்.

"உன்னயப் பாத்து அலுக்கதுக்கு ஒரு நாளே போதும்ல" என்றேன். டீயை என் மேல் ஊற்ற வந்தான்.

போன மாசம் ஒரு கன்டெய்னர் நம்பரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டான். பெட்டி கப்பலைத் தவறவிட்டது. அண்ணாச்சி கத்தவில்லை. "இன்னொரு பெட்டி இப்படி நின்னுச்சுன்னா, நீ அங்கனயே வீட்ல இருந்துக்கோ" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இவன் இரண்டு நாள் புலம்பினான்.

இப்போது அந்த சிஸ்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் பட்டனை அமுக்கினால், வேலைக்கு உட்கார ஒன்பது நிமிஷம். நான் போனில் நேரம் பிடித்துப் பார்த்திருக்கிறேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். என்னால் சிக்னலில் நிற்க முடியாது, சர்ச்சில் பிரசங்கம் முடியும் வரை உட்கார முடியாது. அந்த வட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் கால் இரண்டும் ஆட ஆரம்பித்துவிடும்.

"கொற்கையில முத்து ஏத்துன காலத்து சிஸ்டம்ல இது" என்பேன்.

"உனக்கென்ன, எனக்கு இந்த நேரத்துலதான் நிம்மதியா வடை திங்க முடியுது" என்பான்.

வீட்டில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. நாலு பேரிடம் நாலு பாகம் வாங்கி நானே சேர்த்தது. அதில் அசைகிற, மின்னுகிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற அலங்காரம் எல்லாவற்றையும் அணைத்து, வேண்டாத நிரல்களைக் கழற்றி, மொட்டையடித்து வைத்திருப்பேன். பட்டனை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் திறந்துகொள்ளும். அந்த ருசி கண்ட கை, ஆபீஸ் சிஸ்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அரிக்கும். ஆனால் சர்வீஸ்காரரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம்.

அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீவைகுண்டம் போன நாளில் தொட்டேன்.

சாயங்காலம் கடைசித் தாளும் போனபிறகு கூட்டாளியை எழுந்திரிக்கச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். தற்காலிகக் குப்பை எல்லாவற்றையும் அழித்தேன். கலரைக் கறுப்பாக்கினேன். திரையின் கீழே இருந்த பட்டையைத் தூக்கி மேலே வைத்தேன். தப்பு நேர்ந்தால் சிஸ்டம் போடுகிற 'டிங்' சத்தத்தை எடுத்துவிட்டு, நான் பைபாஸில் பதிவுசெய்து வைத்திருந்த ட்ரெய்லர் லாரியின் ஹாரனை மாட்டினேன். அவனைப் பயமுறுத்தத்தான். பிறகுதான் உண்மையான வேலை: சிஸ்டம் எழும்போது கூடவே எழுகிற நிரல்களின் பட்டியல். அதில் முப்பதுக்கு மேல் கிடந்தன. எப்போதோ போட்ட பிரின்டருக்கு இரண்டு, பாட்டுக் கேட்க ஒன்று, யாருமே பேசாத வீடியோ காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனேன். பட்டாணி உரிக்கிற மாதிரி இருந்தது.

நடுவில் ஒன்று பெயரே இல்லாமல் இருந்தது. செய்தவர் பெயரும் இல்லை. மற்றவற்றுக்கு இருக்கிற சின்னப் படத்துக்குப் பதில் வெறும் வெள்ளைக் காகிதம்.

"ஏலே, அது என்னன்னு தெரியாம அணைக்காத" என்றான் பின்னால் நின்ற கூட்டாளி.

"பேர் சொல்லத் தெரியாதவனுக்கு இங்கன என்னல வேலை? வைரஸா இருக்கும்."

"அணைச்சதயாவது ஒரு பேப்பர்ல எழுதி வையி."

"எல்லாம் மண்டையில எழுதிட்டேன், நீ பேசாம கெட."

மறுபடி போட்டுப் பார்த்தோம். இரண்டே முக்கால் நிமிஷம். நான் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி உள்ளறையை எட்டிப் பார்த்தார். "என்னல, இன்னைக்கு சிஸ்டம் பறக்குது?" கூட்டாளி ஒரு சிரிப்பு சிரித்தான். வாசலில் நின்று நான் கண்ணடித்தேன். அந்தப் பாராட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று எனக்குப் பெரிய மனசு.

அன்றைக்கு ஒரே ஒரு பெட்டி. காய்ந்த பூ, வெளிநாட்டில் ஜாடியில் வைக்கிற அலங்காரப் பூ. சாயங்காலம் ஆறு மணிக்குள் துறைமுகக் கேட்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் சுங்கத்துறை இணையதளத்தில் ஷிப்பிங் பில் என்கிற ஏற்றுமதித் தாளை ஏற்றி, டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து அண்ணாச்சியுடையது. பென்டிரைவ் மாதிரி, கட்டைவிரல் நீளத்தில் ஒரு டோக்கனுக்குள் இருக்கும். அதைச் சொருகினால் ரகசிய எண்ணைக் கேட்டுத் திரையில் ஒரு கட்டம் வரும், எண்ணைப் போட்டால் கையெழுத்து விழும். எங்கள் பிழைப்பே அந்தக் கட்டைவிரலில்தான்.

ஒரு மணி வாக்கில் நான் யார்டில் ட்ரெய்லர் டிரைவரோடு நின்றுகொண்டிருந்தேன். தென்காற்று உப்பும் புழுதியுமாக முகத்தில் அடித்தது. போன் வந்தது.

"ஏலே, சைன் விழ மாட்டேங்கு. டோக்கனச் சொருகுனா நம்பர் கேக்கவே மாட்டேங்கு."

நேற்று நான் கைவைத்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "சர்வரா இருக்கும்ல. பொறு."

எங்கள் தெருவில் வேலை ஓடாவிட்டால் சர்வர் மேல் பழி போடுவது வழக்கம். பாதி நாள் தப்பு எங்கள் பக்கம்தான் இருக்கும். இருந்தாலும் சர்வர் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் திட்ட முடியாது, எல்லோரும் டீ குடிக்கப் போகலாம். அந்த வசதியான பொய்யைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நிற்க முடியவில்லை. லாரியை இரண்டு தரம் சுற்றி வந்தேன். பூட்டு, சீல் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். "என்ன தம்பி, பெட்டியக் காக்கா தூக்கிட்டா போவும்?" என்றார் டிரைவர்.

இருபது நிமிஷத்தில் மறுபடி போன். "பக்கத்து ஆபீஸ்ல கேட்டேன். அவங்களுக்கெல்லாம் வருதாம்." அவன் குரல் தாழ்ந்தது. "அண்ணாச்சி பின்னால நிக்காரு. வா."

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. உள்ளறையில் அண்ணாச்சி நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். கூட்டாளி டோக்கனை எடுத்து எடுத்துச் சொருகினான். ஒவ்வொரு தடவையும் அறைக்குள் ட்ரெய்லர் ஹாரன் அலறியது.

"என்னல இது, உள்ளயா லாரி வருது?" என்றார் அண்ணாச்சி. நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"தள்ளுல, நான் பாக்கேன்" என்று அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். அண்ணாச்சி கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற மாதிரி பட்டியலைத் திறந்தேன். எழுதி வைத்த மண்டை காலியாக இருந்தது. பிரின்டர் பெயரில் இருந்த ஒன்றை உயிர்ப்பித்து, சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். ஹாரன். இன்னும் இரண்டை உயிர்ப்பித்தேன். ஹாரன். மேசைக்கு அடியில் கூட்டாளி என் காலை மிதித்தான். கோபத்தில் மிதிக்கிறான் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டேன். மறுபடியும் மிதித்தான்.

மணி இரண்டேகால்.

அண்ணாச்சி அவனிடம் கேட்டார். "நேத்து வரைக்கும் ஓடுனது இன்னைக்கு ஓடல. நடுவுல எவம்ல இதத் தொட்டது?"

அவன் திரையைப் பார்த்தபடி இருந்தான். "தெரியல அண்ணாச்சி."

"நீதானல இங்கன இருக்க? உனக்குத் தெரியாம வேற எவனுக்குத் தெரியும்? போன மாசம் ஒரு பெட்டி, இந்த மாசம் ஒரு பெட்டி. நான் பூ அனுப்புற பார்ட்டிக்கு என்ன சொல்லுவேன்?"

அவன் காது சிவந்து கிடந்தது. எனக்குத் தெரியும், அந்த நேரம் அவன் கண்ணில் நின்றது பெட்டி இல்லை, மாமாவின் விசா. என்னைக் காட்டிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். கை நீட்டினால் போதும். டோக்கனைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்தால் சரியாகிவிடும் என்கிற மாதிரி.

"அண்ணாச்சி, நான்தான்" என்றேன்.

அவர் திரும்பினார்.

"நேத்து நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப வேகமாக்குதேன்னு கொஞ்சத்த அணைச்சிட்டேன். இவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

நான் வாயை மூடுவதற்குள் கூட்டாளி வெடித்தான். "அந்தப் பேரில்லாத வெள்ளக் காகிதத்தப் போடுல, மூதி! ஒரு மணிநேரமா கால மிதிக்கேன்!"

அந்த வெள்ளைக் காகிதம்தான் டோக்கனை எழுப்புகிற நிரல் என்று நான் வருவதற்குள்ளேயே அவனுக்குப் புரிந்திருக்கிறது. அதைச் சொன்னால், அணைத்தது யார் என்ற கேள்வி வரும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு காலால் பேசியிருக்கிறான். நான் வாயைத் திறக்கும் வரை அவனால் திறக்க முடியவில்லை.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாத்தயும் பழையபடி போடு" என்றார். முப்பத்துச் சொச்சத்தையும் உயிர்ப்பித்தேன். சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன.

ஒன்பது நிமிஷம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம், நடுவில் நான். காலை ஆட்டக்கூடாது என்று முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வட்டம் ஒரு இடத்தில் நின்றது. கூட்டாளி உதட்டுக்குள் ஏதோ ஓதினான். நான் எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைப் பாதி சொல்லி, மீதி மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வட்டம் நகர்ந்தது.

டோக்கனைச் சொருகினான். ஹாரன் இல்லை. சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டம் வந்து ரகசிய எண்ணைக் கேட்டது. அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

கையெழுத்து விழுந்தது. அப்புறம் தாளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை எழுதினால் இன்னொரு பக்கம் ஆகும். ஐந்து ஐம்பதுக்கு ட்ரெய்லரின் பின்சக்கரம் கேட்டைத் தாண்டியது. "போச்சு, உள்ள போச்சுல!" என்று போனில் கத்தினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் கெழடு. இத மாத்துனா போதும், மத்ததெல்லாம் சும்மா வெளாட்டு" என்று சொல்லிப் புதிது ஒன்றை மாட்டினார். அரை நிமிஷத்தில் திறக்கிறதாம். நான் பார்க்கவில்லை, வாசலில் நின்று கேட்டதுதான்.

அண்ணாச்சி கூட்டாளியின் தோளைத் தட்டி, "உன் மேல தப்பில்லல, நீ வேலையப் பாரு" என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நீ இனி அந்த ரூமுக்குள்ள போவணும்னா என்கிட்ட கேக்காத. அவன்கிட்ட கேளு. அவன் வரச் சொன்னா போ."

நாலு நாளாக நான் அவனிடம் கேட்கவில்லை. தாளை ஜன்னல் வழியாக நீட்டுகிறான், வாங்கிக்கொண்டு போகிறேன். என்னைக் கிண்டல் செய்கிறதும் இல்லை, நான் செய்தால் திரும்பிப் பார்க்கிறதும் இல்லை. டீக்கடையில் தனியாக நின்று குடித்துப் பார்த்தேன். ஒரு கிளாஸ் முடிய அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. யார்டில் நிற்கும்போது அவன் காது சிவந்து கிடந்ததுதான் ஞாபகம் வருகிறது. உடனே பைக்கை எடுத்து எங்கேயாவது ஓட்டுகிறேன். நேற்று காரணமே இல்லாமல் பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டை வரை போய்த் திரும்பினேன்.

இன்றைக்கு மத்தியானம், இதை இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, அவனுக்கு மெசேஜ் போட்டேன். நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்தபிறகு போனது இதுதான்: "ஏலே, நான் செஞ்சது தப்பு. உன் வேலை போயிருக்கும், எனக்குத் தெரியும். உள்ள வரட்டா?"

இரண்டு நீல டிக் விழுந்தது. அவன் ஏதோ அடிக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. நான் எழுந்து நடந்துவிட்டு வந்து பார்த்தேன்.

"வாலே, ஆனா ரெண்டு கையயும் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டு வா."