நான்காவது கிண்ணம்

பிறந்த வாரமே குழந்தை போய்விட்டது. பிரசவ விடுப்பு இன்னும் மிச்சமிருந்தது, வீட்டில் இருக்கத்தான் முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "அழுதுரு கண்ணு, அழுதாத்தான் செரியாகும்" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மாட்டு டாக்டரான எனக்கே வைத்தியம். எனக்கு அழுகை வரவில்லை, மரத்துப்போயிருந்தேன். விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

என் ஆராய்ச்சி மடிநோயைப் பற்றியது. மடியில் கிருமி புகுந்தால் மாட்டின் உடம்பு வெள்ளையணுக்களை அனுப்பிச் சண்டை போடும். அந்தச் சண்டையில் மடி வீங்கும், பால் திரியும். சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசினால் வீக்கம் எவ்வளவு அடங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு நான்கு கிண்ணம் பதித்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு, காம்புக்கு ஒரு கிண்ணம். பாலைப் பீய்ச்சி, ஊதா மருந்து விட்டுச் சுழற்ற வேண்டும். வெள்ளையணு அதிகமென்றால் கஞ்சி போலக் கெட்டியாகும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும்.

ஸ்ரீமதுரையில் டீக்கடை வைத்திருந்த அக்காவின் மாட்டுக்கு ஒரு காம்பு முன்பே செத்துப்போயிருந்தது. இப்போது இன்னொன்றிலும் நோய்.

"ஏனுங்க டாக்டரம்மா, இதும் போச்சுன்னா ரெண்டு காம்புப் பாலுக்குத் தீனி கட்டுப்படியாகாதுங்க. லாரிக்காரனுக்குத்தான் குடுக்கோணும்."

அந்த லாரி நாடுகாணி வழியாகக் கேரளாவுக்கு இறங்கும். ஏற்றிய மாட்டை எதற்குக் கொண்டுபோகிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா டீ ஆற்றுவதும் ஓடிவந்து மடியில் பூசுவதுமாக இருந்தார். கிளாஸெல்லாம் மஞ்சள் மணக்கிறதே, டீக்கு இது புது மசாலாவா என்று கடைக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். என்னிடம் குழந்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதற்காகவே எனக்கு அங்கே போகப் பிடித்திருந்தது.

என் மார்பிலும் பால் கட்டிக்கொண்டு வலித்தது. என்னோடு தங்கியிருந்த அம்மா, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் மல்லிகையை வாங்கி வைத்திருந்தார்.

"இத மாருல வெச்சுக் கட்டிக்கோ கண்ணு. பால் வத்திரும்."

மடிக்கு மஞ்சள் பூசச் சொல்லும் நான் மல்லிகையை நம்பாமல் இல்லை. ஆனாலும் நாளைக்கு என்றேன், மறுநாளும் நாளைக்கு என்றேன். பூ ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் கிடந்து வாடியது. அம்மா மறுபடி புதுப்பூ வாங்கினார்.

கடைசிச் சோதனைக்குப் போன காலையில் மடி இளகியிருந்தது. மூன்று காம்பிலும் பீய்ச்சினேன். மூன்று கிண்ணத்திலும் பால் தண்ணீராகச் சுழன்றது. நோய் வந்த காம்பு பிழைத்துக்கொண்டது.

"தப்பிச்சுட்டாளுங்க" என்ற அக்கா, மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு எனக்கு டீ எடுத்துவரக் கடைக்குள் போனார்.

செத்த காம்புக்கான நான்காவது கிண்ணம் காலியாக இருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு என் பாலைப் பீய்ச்சினேன். ஏன் செய்தேன் என்று இன்றும் தெரியாது. மருந்தை விட்டுச் சுழற்றினேன். கெட்டியாகவே இல்லை. ஒரு குறையும் இல்லாத நல்ல பால்.

சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும், அதுதான் முறை. எனக்குக் கொட்டக் கை வரவில்லை. குழந்தை போன பிறகு முதல்முறையாக எனக்கு உள்ளே எங்கேயோ வலித்தது.

டீயோடு வந்த அக்கா தட்டைப் பார்த்தார். நான்கு கிண்ணத்திலும் பால் இருந்தது. நனைந்திருந்த என் ரவிக்கையைப் பார்த்தார். டீயைத் திட்டில் வைத்துவிட்டு, தட்டை என் கையிலிருந்து வாங்கிப்போய் வேலியோரம் மெதுவாகச் சாய்த்தார். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டீ ஆறுதுங்க" என்றார்.

குடித்தேன். மஞ்சள் மணத்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் பூவைக் கட்டிவிடச் சொன்னேன்.